சாம்பல் நிறத்தில் எட்டு வரிகள்

அன்புள்ள மருமகளுக்கு அத்தை எழுதுவது.

எங்கள் யாரையும் கேட்காமல், புரோகிராமில் பிழை காட்டும் உன் கருவியை அறுபத்தொரு சலவைக்கூடங்களிலிருந்தும் எடுத்துவிட்டாய். அது தவறு. விபத்து உன்னால்தான் நடந்தது என்று எல்லோருக்கும் மன்னிப்புக் கடிதம் அனுப்பினாய். அது அதைவிடப் பெரிய தவறு. இனி அத்தை செய்த இயந்திர மொழியில் கை வைக்கமாட்டேன் என்ற முடிவை என்னிடம் சொல்லாமல் உன் வீட்டுக்காரனிடம் சொல்லி அனுப்பினாய். அவன் என் பிள்ளைதான், ஆனால் சேதி சொல்லத் தெரியாதவன். பாதியை விழுங்கிவிட்டு மீதியை இருமிக்கொண்டே சொன்னான்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டதால் இனி நலம் விசாரிக்கலாம். நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று அவன் சொன்னான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேலை செய்யாதே. போனில் பேசினால் நான் ஒன்றில் தொடங்கி வேறொன்றில் போய் நிற்பேன் என்பதால் எழுதுகிறேன்.

நீ கருவியை எடுத்த பிறகு இங்கே நடப்பது உனக்குத் தெரிய வேண்டும். புதிதாக ஒரு ஆஸ்பத்திரி எங்களிடம் துணி அனுப்ப ஆரம்பித்திருக்கிறது. தொற்று வார்டு விரிப்புகளைத் தனியாக, அதிகச் சூட்டில் துவைக்க வேண்டும். அதற்குப் புது புரோகிராம் எழுத உட்கார்ந்தது முதல் ஷிப்டைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடிக்காரம்மா. கருவி இருந்தபோது அரை மணியில் முடிக்கிற வேலை. இப்போது எடிட்டரில் எல்லாம் ஒரே கறுப்பு எழுத்து. எந்தச் சொல் தப்பு, எந்த வரி முடியவில்லை என்று அடிக்கோடு போட ஆளில்லை. இயந்திரத்துக்கு அனுப்பினாள். 'பிழை 7' என்று சொல்லிவிட்டு நின்றது. திருத்தி அனுப்பினாள், மறுபடி நின்றது. மூன்றாவது தடவை நின்றபோது உள்ளே அறுபது கிலோ விரிப்பு ஊறிக்கொண்டிருந்தது. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "உங்க மருமக அதை எப்போ திருப்பித் தரப் போறா? கண்ணைக் கட்டிக்கிட்டு ஊசியில நூல் கோக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

நாற்பத்து மூன்று சொல்லை மனப்பாடம் பண்ண முடியாதவர்கள் இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று நான் எத்தனையோ முறை சொன்னது அவளுக்கு நினைவிருக்கும். நல்லவேளை, சொல்லிக் காட்டவில்லை.

உன் மன்னிப்புக் கடிதத்தில் 'ஆவணங்கள் இல்லாத ஒரு பழைய மொழி' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். பழையது என்பதை ஒப்புக்கொள்கிறேன், நானும் பழையவள்தான். ஆனால் அந்த மொழி எப்படி வந்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உன் மாமனார் சொன்ன கதை அது. அவர் எதையும் தன்னிடமிருந்து தொடங்குவார். இருபத்து மூன்று வயதில் விரிப்பு மடிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். பத்தாவது வகுப்பைத் தாண்டாதவள். சில வருஷத்தில் சலவை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி வந்தது. தண்ணீர் எவ்வளவு, சூடு எவ்வளவு, எத்தனை சுற்று என்று ஒரு எண்ணை மாற்ற வேண்டுமென்றாலும் கம்பெனி இன்ஜினியர் வர வேண்டும். அவர் வருஷத்துக்கு ஒரு முறை வருவார், வந்ததும் முதலில் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்பார். நான் பெட்டியோடு வந்த தடிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் அகராதியை வைத்துக்கொண்டு எட்டு மாதம் படித்தேன். பிறகு நிரப்பு, சூடாக்கு, சுற்று, காத்திரு, வடி என்று நாற்பத்து மூன்று சொற்களில் எங்கள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு மொழி செய்தேன். இன்ஜினியர் அடுத்த வருஷம் வந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமலே திரும்பிப் போனார். பக்கத்துக் கூடத்தார் கேட்டார்கள், கொடுத்தேன். அப்படியே அறுபத்தொன்று ஆனது.

நீ கல்யாணமான மூன்றாம் நாள் எங்கள் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, சுவரில் ஒட்டியிருந்த சொற்பட்டியலைப் படித்துவிட்டு, பிழை எந்த வரியில் இருக்கிறது என்று இயந்திரம் ஏன் சொல்வதில்லை என்று கேட்டாய். "பிழை இருக்குன்னு சொல்றதுதான் அதோட வேலை. எங்க இருக்குன்னு தேடறது நம்ம வேலை" என்றேன். அறையே சிரித்தது. நீயும் சிரித்தாய். ஊருக்குத் திரும்பிப் போய் ஒன்றரை வருஷம், லீவு நாளெல்லாம் உட்கார்ந்து, அந்தக் கருவியை எழுதி அனுப்பினாய். நான் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. என் சொற்களுக்கு நீ விளக்கம் எழுதியதைப் பற்றித்தான் பேசினேன். 'வடி' என்பதன் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தால் 'தொட்டியிலுள்ள நீரை வெளியேற்றும்' என்று வருகிறது. வடி என்றால் வடி. அதற்கு எதற்கு விளக்கம் என்று கேட்டேன்.

பிறகு நானும் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தேன். இதை உனக்குச் சொல்லவில்லை. பாதிச் சொல் அடித்தால் மீதியை அது எடுத்துக் கொடுப்பதும், ஒரு பகுதியின் பெயரைத் தொட்டால் அது எழுதப்பட்ட இடத்துக்கே கூட்டிப்போவதும் எனக்குப் பிடித்துப்போனது. எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்தச் சாம்பல் நிறம். புரோகிராமில் எங்கிருந்தும் வேலைக்கு அழைக்கப்படாத பகுதியைக் கருவி சாம்பல் நிறமாக்கும். பக்கத்தில் 'நீக்கு' என்று ஒரு சின்னப் பொத்தான் வரும். முப்பது வருஷக் குப்பை எங்கள் கோப்புகளில் கிடந்தது. விற்றுப்போன இயந்திரங்களுக்கு எழுதியது, நின்றுபோன சோப்புக்கு எழுதியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார்ந்து முந்நூறு வரி துடைத்தேன். வீடு பெருக்கி முடித்த மாதிரி இருந்தது. கண்ணாடிக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

மூன்றாம் இயந்திரத்தின் கோப்பில் அந்த எட்டு வரிகளை நீக்கியது நான்தான்.

எப்படி நடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மோட்டாரை நிறுத்துவது மின்கம்பி. அதில் புரோகிராமுக்கு வேலையில்லை. ஆனால் உள்ளே இருக்கும் கொதிநீரை வடிப்பது புரோகிராமில் உள்ள எட்டு வரி. அந்த எட்டு வரியைப் புரோகிராமில் யாரும் அழைப்பதில்லை, பொத்தான்தான் நேராக அழைக்கிறது. எந்தப் பொத்தான் எதை அழைக்கும் என்பது பெட்டிக்குள் இருக்கும் சிப்பில் முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் பதித்தது. உன் கருவிக்கு அது கண்ணில் படாது. அதனால் சாம்பல். மற்றப் பதினோரு இயந்திரங்களிலும் அந்தப் பகுதிக்கு 'சிவப்பு' என்று பெயர். அது சாம்பலாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், இது அந்தப் படித்த பெண்ணின் கருவிக்குத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்துவிட்டுத் தாண்டிப்போவேன். தெரியவில்லை என்று உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மூன்றாம் இயந்திரம் நான் முதன்முதலில் எழுதியது. அப்போது பெயர் வைக்கும் பழக்கம் இல்லை, 'ப4' என்று வைத்திருந்தேன். சாம்பல் நிறத்தில் 'ப4' என்று இருந்தது. படித்துப் பார்க்காமல் அழுத்தினேன்.

பதினோரு நாள் கழித்து மூன்றாம் இயந்திரத்தில் ஒரு விரிப்பு அச்சில் சுற்றிக்கொண்டது. பாய்லர்காரர் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் நின்றது. எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. சிவப்பை அழுத்திவிட்டு அறுபது வரை எண்ணுவோம், எண்ணி முடிப்பதற்குள் தண்ணீர் வடிந்திருக்கும், கதவைத் திறப்போம். கதவின் பக்கத்தில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் எண்ணிக்கை ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அவர் அறுபது எண்ணிக் கதவைத் திறந்தார். இடது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வெந்துவிட்டது.

மறுநாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். வெளியூரில் உட்கார்ந்து எழுதிய கருவிக்கு நம் தண்ணீரின் சூடு எப்படித் தெரியும் என்று கேட்டார். கருவி சொல்கிறதென்று யாரும் எதையும் நீக்கக் கூடாது என அறிவிப்பு ஒட்டினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கண்ணாடிக்காரம்மா என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். முதலாளி உனக்கு எழுதியதும், நீ மூன்றே நாளில் கருவியை எடுத்ததும், மன்னிப்புக் கடிதம் வந்ததும் அதற்குப் பிறகு. விபத்து நடந்து இன்றோடு பத்தொன்பது நாள்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். உன் கடிதத்தில் 'ஒரு பயனர் அந்தப் பகுதியை நீக்கினார்' என்று எழுதியிருக்கிறாய். கோப்பை யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்ற விவரம் கோப்போடு சேர்ந்தே இருக்கும். அந்த வசதியைச் சேர்த்தது நீ. எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் நீ. ஆக, முதல் நாளே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே 'ஒரு பயனர்' என்று எழுதி, பழியை உன் தலையில் போட்டுக்கொண்டு, மூட்டையையும் கட்டிவிட்டாய். என்னைக் காப்பாற்றச் சொல்லி யார் உன்னைக் கேட்டார்கள்? நாற்பது வருஷம் கொதிநீர் பக்கத்தில் நின்றவளுக்குக் குடை பிடிக்கிறாயா? அறுபது கூடத்துக்காரர்கள் துணியாத காரியத்தை மொழியைச் செய்தவளே செய்தாள். அதற்காக அந்த அறுபது கூடத்துக்காரர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு எழுத வேண்டுமா?

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் நீ எங்கும் எழுதவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். அத்தை, சில பகுதிகளை வெளியிலிருந்து பொத்தான் அழைக்கிறது போலிருக்கிறது, அவற்றுக்கு முன்னால் போட ஒரே ஒரு சொல் மொழியில் சேர்க்கலாமா, அப்போது கருவிக்கும் தெரியும், படிக்கிறவர்களுக்கும் தெரியும் என்றாய். நாற்பத்து மூன்று போதும் என்றேன். காரணம் கேட்டாய். சொல்லவில்லை, ஏனென்றால் காரணம் இல்லை. நாற்பத்து மூன்று என்பது நான் வைத்த எண், அவ்வளவுதான். நீ அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருந்தால் நான் கத்தியிருப்பேன், ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன், கடைசியில் சேர்த்திருப்பேன். என்னோடு சண்டை போட்டவர்கள் எல்லோரும் ஏதாவது வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். உன் மாமனாரைக் கேட்டுப் பார்.

முந்தாநாள் பாய்லர்காரர் வீட்டுக்குப் போனேன். கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், அந்த எட்டு வரியை எடுத்தது நான் என்று. "அப்போ இத்தனை நாளா அந்தக் கருவியத் திட்டினதெல்லாம் வீணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, எல்லாத்தையும் உங்க பேருக்கு மாத்திடறேன். அதுல ரெண்டு மூணு வார்த்தை பொம்பளைங்ககிட்ட சொல்லக் கூடாதது. பரவாயில்லையா?" என்றார். சொல்லலாம் என்றேன். கண்ணாடிக் குழாயைப் பார்க்காமல் திறந்தது தன் தப்பு என்று ஆரம்பித்தார். உங்கள் தப்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், என்னுடையதைக் குறைக்க வேண்டாம் என்று நிறுத்தினேன்.

அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. வாசல் வரை கூட வந்து, "கை ஆறிடும்னு டாக்டர் சொல்லிட்டார். விரல் மடங்குமான்னு கேட்டா மட்டும் பதில் சொல்ல மாட்டேங்கறார்" என்றாள். பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

நேற்று முதலாளியிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. உங்களுக்கு வயதாகிவிட்டது, மருமகளைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்றார். கோப்பைத் திறந்து என் பெயரையும் தேதியையும் காட்டினேன். நாற்காலியை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அப்படியென்றால் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றார். உன்னை அவர் 'அந்தப் பெண்' என்கிறார். நாலு வருஷத்துக்கு மேல் உன் வேலையைப் பயன்படுத்துகிறவருக்கு உன் தொழில் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அதையும் திருத்திவிட்டு வந்தேன்.

இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன். யார் செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது, பிறகு குழப்பம் வேண்டாம்.

நான் செய்ய வேண்டியது: பன்னிரண்டு பெட்டிகளையும் திறந்து, எந்தப் பொத்தான் எந்தப் பகுதியை அழைக்கிறது என்று கையால் எழுதி உனக்கு அனுப்புவது. ஏழு முடிந்தது, மீதி வியாழனுக்குள். அறுபத்தொரு கூடங்களுக்கும் இன்னொரு கடிதம் போகும். அதில் 'ஒரு பயனர்' இருக்கமாட்டார், என் பெயரும் கையெழுத்தும் இருக்கும். இந்த மொழிக்கு ஆவணம் இல்லை என்று இனி யாரும் எழுத முடியாதபடி ஒரு புத்தகமும் எழுதத் தொடங்கிவிட்டேன். 'வடி'க்கு விளக்கம் உன்னுடையதையே எடுத்துக்கொண்டேன்.

முதலாளி அறிவிப்பைக் கிழிக்க வேண்டும். கிழிக்கும்போது பக்கத்தில் நிற்பேன்.

கண்ணாடிக்காரம்மா ஒவ்வொரு இயந்திரத்திலும் குளிர்ந்த தண்ணீரை நிரப்பிச் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். மூன்றாவதில் எட்டு வரிகளை நான் திரும்ப எழுதியாகிவிட்டது, ஆனால் எழுதியவளே சோதிக்கக் கூடாது. இன்னொரு வேலையும் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை நான் தப்பு செய்வதைப் பார்த்தால் தரையைப் பார்க்கக் கூடாது.

பாய்லர்காரர் கை ஆறி வந்ததும் அறுபது எண்ணுவதை விட்டுவிட வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டார். அவர் விரல்கள் மடங்கும் வரை வாரம் ஒரு முறை அவர் வீட்டுக்குப் போவது என் வேலை, அவர் மனைவி பேசினாலும் பேசாவிட்டாலும்.

உன் வீட்டுக்காரன் நம் இருவருக்கும் நடுவில் சேதி சுமக்கக் கூடாது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சொல்ல வேண்டாம் என்று உன்னிடம் சொல்லியிருப்பான். அதையும் இனிச் சொல்லக் கூடாது.

நீ செய்ய வேண்டியது மூன்று. நாற்பத்து நான்காவது சொல்லைத் தேர்ந்தெடு. எனக்கு ஒன்று தோன்றியிருக்கிறது, சொல்லமாட்டேன், மொழியில் உன் சொல்லும் ஒன்று இருக்கட்டும். அந்தச் சொல் முன்னால் இருந்தால் சாம்பல் வரக் கூடாது. எதை நீக்கப் போனாலும், பொத்தான் ஏதாவது இதை அழைக்கிறதா என்று கருவி ஒரு முறை கேட்க வேண்டும். இது முதலாவது. கருவியைத் திங்கட்கிழமை காலைக்குள் எல்லாக் கூடத்திலும் திரும்ப வை. தொற்று வார்டு துணி அன்றுதான் முழு அளவில் வருகிறது, இது இரண்டாவது.

மூன்றாவதை முதலில் செய். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே என்னைக் கூப்பிட்டு, அந்த எட்டு வரிக்காகவும், அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காததற்காகவும் என்னைத் திட்டு. ஆறு வருஷத்தில் நீ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அமைதியான மருமகள் கிடைத்தாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சொல்ல வந்தது எத்தனை முறை என்னால் உள்ளேயே நின்றுபோனது என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். நிறுத்தி நிதானமாகத் திட்டு. குறுக்கே பேசமாட்டேன்.

நீயும் அவனும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அழைப்புக்காகப் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
அத்தை